சர்வே டேபிள்ல எதை மேல போடுறது, எதை நகத்தக்கூடாது: அடிக்கடி வர்ற கேள்விகள்

நீலகிரியில எப்பவும் யாராவது ஒருத்தர் சர்வே எடுத்துட்டுதான் இருப்பாங்க. காலேஜ் பசங்களோட ப்ராஜெக்ட், தொண்டு நிறுவனங்களோட வீட்டு சர்வே, சிறு தேயிலை விவசாயிங்க சங்கம் தனக்காக எடுக்கறது, இப்படி. ஃபீல்டு வேலை நல்லா நடந்துடும், மழையில நனைஞ்சு அட்டை கடிச்சு ஊர் ஊரா போய் கேட்டுட்டு வந்துடுவாங்க, ஆனா கடைசியில டேபிள் போடறப்ப எந்த ரோ மேல வரணும் எது கீழ போகணும்னு யோசிக்காம எக்ஸல்ல ஒரு பட்டனை தட்டிட்டு அனுப்பிடறாங்க, அங்கதான் அந்த உழைப்பு பாதி வீணாகுது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்த டேபிள் வேலைக்கு உதவி பண்றப்ப என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க சேத்து எழுதியிருக்கேன். உதாரணத்துல வர்ற சதவீதம் எல்லாம் புரியறதுக்காக நானா போட்டது, எந்த சர்வேயில இருந்தும் எடுத்தது கெடையாது. ரோன்னு சொன்னா குறுக்க போற வரி, காலம்னு சொன்னா மேலிருந்து கீழ இறங்கற வரி, அவ்ளோதான்.

கேள்வித்தாள்ல இருக்கற வரிசையிலயே டேபிளை விட்டா என்ன தப்பு?

சின்ன டேபிள்னா ஒண்ணும் தப்பில்ல. நாலஞ்சு பதில்தான் இருக்குன்னா படிக்கறவங்களே கண்ணால பாத்து புரிஞ்சுப்பாங்க. ஆனா "விவசாயத்துல உங்களுக்கு என்ன கஷ்டம்"னு கேட்டா இருபத்தஞ்சு முப்பது பதில் வரும், அதுல ரொம்பப் பேர் சொன்னது பதினேழாவது ரோல ஒளிஞ்சு கெடக்கும். மீட்டிங்ல அந்தப் பேப்பரை கையில வாங்கறவங்க மேல இருக்கற மூணு நாலு ரோவைத்தான் படிக்கறாங்க, அதை வெச்சுத்தான் பேச்சே நடக்குது. மேல இருக்கறது பேசப்படும், கீழ இருக்கறது யாரு கண்லயும் படாது. அதனால வரிசைங்கறதை அலங்காரமா நெனைக்காதீங்க, யாரோட பிரச்சினை முதல்ல கேக்கப்படும்னு அதுலதான் பாதி முடிவாகுது.

அப்ப எல்லா டேபிளையும் பெருசுல இருந்து சின்னதுக்கு அடுக்கிடலாமா?

வேண்டாங்க. பதில்களுக்கு தன்னாலயே ஒரு வரிசை இருந்துச்சுன்னா அதை தொடாதீங்க. வயசு (15-19, 20-24, 25-29), படிப்பு (ஸ்கூலே போகல, ஆரம்பப் பள்ளி, பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி), நெல அளவு, வருமானம், "ரொம்ப திருப்தி"யில ஆரம்பிச்சு "கொஞ்சம்கூட திருப்தி இல்ல" வரைக்கும் போற அளவுகோல், மாசம், வருஷம், இதெல்லாம் அந்த வகை. இதை சதவீதத்தை வெச்சு அடுக்கினா 35-39க்கு அடுத்து 20-24 வரும், வயசு ஏற ஏற பதில் எப்படி மாறுதுங்கற விஷயமே காணாமப் போயிடும்.

நம்ம மலை ரயிலையே எடுத்துக்கங்க. மேட்டுப்பாளையம், கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர், வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டின்னு ஸ்டேஷன் வரிசை. "எந்த ஸ்டேஷன்ல ஏறுனீங்க"ன்னு பயணிங்ககிட்ட ஒரு சர்வே எடுத்து அகர வரிசையில போட்டீங்கன்னா அரவங்காடுக்கு அடுத்து ஊட்டி வந்து நிக்கும், கல்லாறும் ஹில்குரோவும் ஒண்ணு நடுவுல ஒண்ணு கடைசியில போயிடும். 46 கிலோமீட்டர்ல எந்த இடம் வரைக்கும் கூட்டம் இருக்கு, எங்க எறங்குதுன்னு அந்த டேபிளை பாத்து ஒருத்தராலயும் சொல்ல முடியாது. இது வழி வரிசை, அப்படியே விட்டுடணும்.

மாசத்துக்கும் இதேதான், ஆனா அதுல ஒரு நல்ல முடிவு எடுக்க இடம் இருக்கு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும், குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு மேல வடகிழக்கு மழைதான் பெருசு. "எந்த மாசம் ரோடு துண்டாகுது", "எந்த மாசம் வேலை இல்ல"ன்னு கேட்ட டேபிளை ஜனவரியில ஆரம்பிக்கறதைவிட ஜூன்ல ஆரம்பிச்சு மே-ல முடிச்சா ரெண்டு மழையும், அதுக்கப்புறம் டிசம்பர் ஜனவரி உறைபனியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும். மாசத்தோட வரிசை மாறல, ஆரம்பிக்கற எடம்தான் மாறுது. நான் எப்பவும் அப்படித்தான் போடச் சொல்றேன்.

தன்னால வரிசை இல்லாத கேள்விங்கதான் அடுக்கறதுக்கு ஏத்தது. என்ன கஷ்டம், இலையை யாருக்கு விக்கறீங்க, தண்ணி எங்க இருந்து வருது, எந்த டிவி பாக்கறீங்க, இந்த மாதிரி.

மொத்தம், மத்தவை, தெரியாது இதெல்லாம் அடுக்கறப்ப எங்கயோ நடுவுல போயிடுது, என்ன பண்றது?

இதுதான் தெனமும் வர்ற கேள்வி. எத்தன பேர்கிட்ட கேட்டோம்ங்கற ரோ (பேஸ்னு சொல்றது) எப்பவும் மேல. "மத்தவை", "எதுவும் இல்ல", "தெரியாது", "பதில் சொல்லல" இதெல்லாம் எவ்வளவு சதவீதம் வந்தாலும் கீழ, அதுவும் இதே வரிசையில. "மத்தவை" 40 சதவீதம் வந்து முதல் ரோல நின்னா படிக்கறவருக்கு அதுல இருந்து என்ன தெரியும்?

எக்ஸல்ல இதுக்கு வழி ரொம்ப ஈசி. பக்கத்துல ஒரு காலம் சேத்து அதுல பேஸ் ரோவுக்கு 1, நகரக்கூடிய ரோ எல்லாத்துக்கும் 2, மத்தவைக்கு 3, எதுவும் இல்லைக்கு 4, தெரியாதுக்கு 5, பதில் சொல்லலைக்கு 6ன்னு போட்டுடுங்க. வரிசைப்படுத்தறப்ப முதல் நிலையா அந்தக் காலமை ஏறுவரிசையில குடுங்க, ரெண்டாவது நிலையா சதவீதத்தை இறங்குவரிசையில குடுங்க. 2ன்னு இருக்கறது மட்டும் தங்களுக்குள்ள நகரும், மத்ததெல்லாம் எடத்தை விட்டு அசையாது.

ஆனா ஒண்ணு, "மத்தவை" பெருசா வந்துச்சுன்னா அதை கீழ தள்ளிட்டு நிம்மதியா இருக்காதீங்க. எழுதி வாங்குன பதில்களை திரும்ப படிச்சு புது கோடு (ஒவ்வொரு பதில் வகைக்கும் நாம குடுக்கற நம்பர்) போடணும்னு அர்த்தம் அது. அதைவிட முக்கியம், சமுதாயம்ங்கற கேள்வியில ஆள் கம்மியா இருக்கறவங்களை "மத்தவை"ல போட்டு அமுக்கிடாதீங்க. தமிழ்நாட்டுல அரசாங்கம் குறிப்பா பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள்னு பட்டியல் போட்டிருக்கறது ஆறு பேரை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே இந்த மாவட்டத்துல இருக்காங்க. அவங்க பேரு ஒரு ரோவா இருக்கறதும் "மத்தவை"ல கரையறதும் ஒண்ணு கெடையாதுங்க, திட்டம் வர்றப்ப அந்த ரோ இருந்தாத்தான் அவங்க இருக்காங்கன்னே தெரியும்.

ஒரு தலைப்புக்குக் கீழ பல பதில் இருக்கு, அப்ப எப்படி அடுக்கறது?

சர்வே வேலையில இதை நெட்னு சொல்வாங்க, பல பதிலை ஒரு குடைக்குக் கீழ கொண்டு வர்றது. காட்டு மாடு, பன்னி, குரங்கு, கரடி இதெல்லாம் "விலங்கு தொல்லை"ங்கற நெட்டுக்குள்ள வரும். பச்சைத்தேயிலை விலை கம்மி, ஃபேக்டரி பணம் லேட்டா தருது, ரெண்டும் "விலையும் பணமும்"ங்கற நெட்டு. "ஆள் கெடைக்கல"ங்கறது எந்த நெட்டுலயும் சேராத தனி ரோ.

இப்ப 400 விவசாயிங்க, ஒருத்தர் எத்தன பதில் வேணா சொல்லலாம்னு வெச்சுக்கங்க. விலையும் பணமும் 71, அதுல விலை கம்மி 66, பணம் லேட்டு 28. விலங்கு தொல்லை 55, அதுல காட்டு மாடு 38, பன்னி 24, குரங்கு 15, கரடி 9. ஆள் கெடைக்கல 47. இதை கண்ணை மூடிட்டு இறங்குவரிசையில போட்டா 71, 66, 55, 47, 38, 28, 24ன்னு வரும், காட்டு மாட்டுக்கும் பன்னிக்கும் நடுவுல "பணம் லேட்டு" உக்காந்திருக்கும், எது எதோட புள்ளைன்னே தெரியாது.

சரியான முறை என்னன்னா நெட்டுங்களையும் தனி ரோவையும் முதல்ல ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு அடுக்கணும் (71, 55, 47), அப்புறம் ஒவ்வொரு நெட்டுக்கு உள்ள இருக்கறதை அந்த நெட்டுக்குள்ளயே அடுக்கணும். எக்ஸல்ல நாலு துணைக் காலம் வேணும்: அந்த ரோ சேர்ந்த நெட்டோட சதவீதம், நெட்டோட கோடு நம்பர், நெட்டுன்னா 0 உள்ள இருக்கறதுன்னா 1, அப்புறம் அதோட சொந்த சதவீதம். இதே ஆர்டர்ல நாலு நிலையா குடுங்க: இறங்கு, ஏறு, ஏறு, இறங்கு. நெட் கோடு எதுக்குன்னா ரெண்டு நெட் ஒரே சதவீதம் வந்துச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் கலந்துடும், அதைத் தடுக்கத்தான்.

38ம் 24ம் 15ம் 9ம் கூட்டுனா 86 வருது, நெட் 55தானே இருக்குன்னு கேப்பாங்க. அது சரிதான். காட்டு மாடும் பன்னியும் ரெண்டையும் சொன்ன விவசாயி நெட்டுல ஒரு தடவைதான் எண்ணப்படுவார். நெட்டை உள்ள இருக்கறதோட கூட்டலா போட்டுடாதீங்க, ஒவ்வொரு ஆளோட டேட்டாவுல இருந்துதான் கணக்கு பண்ணணும்.

நெட்டுக்குள்ள நெட்டும் வரும். "குறும்பர்"ங்கற ஒரு பேருக்குள்ள ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர்னு தனித்தனி சமுதாயம் இருக்கு, வாழ்க்கை முறையே வேற வேற. பழங்குடிங்கறது மேல் நெட்டு, குறும்பர் உள் நெட்டு, அதுக்குள்ள மூணு ரோ. மூணு அடுக்குன்னா துணைக் காலம் இன்னும் ரெண்டு கூடும், வேலை அதேதான்.

எந்தக் காலமை வெச்சு அடுக்கணும்? ஆறு தாலுகாவுக்கும் வேற வேற வரிசை வருதே.

வழக்கமா "மொத்தம்" காலமை வெச்சு. எல்லாருக்கும் பொதுவான வரிசை அது, அப்புறம் படிக்கறவர் கண்ணை குறுக்க ஓட்டுனா "மொத்தத்துல நாலாவது இருக்கறது பந்தலூர்ல மட்டும் பெருசா இருக்கே"ன்னு தானா தெரிஞ்சுடும். ரிப்போர்ட்டே பந்தலூரைப் பத்தித்தான்னா பந்தலூர் காலமை வெச்சு அடுக்குங்க, ஆனா டேபிளுக்கு மேல "பந்தலூர் காலம்படி அடுக்கியது"ன்னு ஒரு வரி எழுதிடுங்க. ஒவ்வொரு தாலுகாவுக்கும் அதோட சொந்த வரிசை வேணும்னா ஒரே டேபிள்ல முடியாது, ஆறு சின்ன டேபிள்தான் போடணும். அதுக்கும் தேவை இருக்கு, ஊர்க் கூட்டத்துல குடுக்கறதுக்கு அதுதான் நல்லது.

ஒரே காலமுக்குள்ள எண்ணிக்கையை வெச்சு அடுக்குனாலும் சதவீதத்தை வெச்சு அடுக்குனாலும் ஒரே வரிசைதான் வரும், ஏன்னா பேஸ் ஒண்ணுதான். ரோ சதவீதம் (ஒவ்வொரு ரோவையும் 100ன்னு வெச்சு குறுக்க கணக்கு பண்றது) போட்ட டேபிள்ல அப்படி கெடையாது, ஒவ்வொரு ரோவுக்கும் பேஸ் வேற, அங்க ரெண்டும் தலைகீழாக்கூட வரலாம். வெயிட் போட்ட டேட்டான்னா (சில குழுவை அதிகமாவோ கம்மியாவோ எடுத்ததை கணக்குல சரிக்கட்டறது) வெயிட் போட்ட சதவீதத்துல அடுக்குங்க, ஆனா பேஸை மட்டும் வெயிட் போடாத எண்ணிக்கையா காட்டுங்க.

12 வீடு மட்டும் இருக்கற சமுதாயம் லிஸ்ட்ல முதல்ல வந்து நிக்குது. விட்டுடலாமா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லணும், நம்ம மாவட்டத்துல இது ஏதோ அபூர்வமா வர்றது இல்ல, ஒவ்வொரு சர்வேயிலயும் வரும்.

சமுதாயம் ரோவுல இருக்கு, "வீட்டுக்குள்ள குழாய் தண்ணி வருது"ங்கறது சதவீதம். ஒரு சமுதாயத்துல 12 வீடு கேட்டோம், 9 வீட்டுல வருது, 75 சதவீதம். இன்னொண்ணுல 140 வீடு, 63ல வருது, 45 சதவீதம். 12 வீட்டுல ரெண்டு வீடு பதில் மாத்தி சொல்லியிருந்தா 75 என்பது 58 ஆயிடும், 140ல ரெண்டு வீடு மாறுனா ஒண்ணரை சதவீதம்கூட அசையாது. அதனால சதவீதத்துல அடுக்குனா சின்ன பேஸ் உள்ளவங்க ஒண்ணு உச்சியில போயி நிப்பாங்க, இல்ல அடியில போயி நிப்பாங்க, நடுவுல இருக்கறது கம்மி. எண்ணிக்கையில அடுக்குனா எப்பவுமே அவங்கதான் கடைசி. ரெண்டு வழியிலயும் அவங்களைப் பத்தி டேபிள் சொல்றது அவங்க நெலமையை இல்ல, அவங்க எத்தன பேருங்கறதைத்தான்.

தேசிய குடும்ப நல சர்வே ரிப்போர்ட்டுல இதுக்கு ஒரு நல்ல பழக்கம் வெச்சிருக்காங்க, நாமளும் எடுத்துக்கலாம். வெயிட் போடாத பேஸ் 25ல இருந்து 49 வரைக்கும் இருந்தா சதவீதத்தை அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க, 25க்கும் கீழன்னா சதவீதமே போடாம ஒரு நட்சத்திரக் குறி மட்டும். ரோ அங்கயே இருக்கும், பேரு இருக்கும், எத்தன பேருன்னும் இருக்கும்.

என்னோட கருத்து, சமுதாயங்களை சதவீதப்படி ரேங்க் போடறதை வழக்கமா வெச்சுக்காதீங்க. ரிப்போர்ட்டு முழுக்க ஒரே நிலையான வரிசை வெச்சுக்கங்க, அரசாங்கப் பட்டியல் வரிசையோ அகர வரிசையோ ஏதோ ஒண்ணு, எல்லா டேபிள்லயும் அதே. படிக்கறவங்க பத்தாவது டேபிள்லயும் காட்டுநாயக்கர் ரோவை தேடாம கண்டுபிடிப்பாங்க. யாருக்கு தேவை அதிகம்னு காட்டியே ஆகணும், அதனால ரேங்க் வேணும்னா பேஸ் 50க்கு மேல இருக்கறவங்களை மட்டும் அடுக்கி, அதுக்குக் கீழ "பேஸ் சின்னது"ன்னு ஒரு தனிப் பகுதி போட்டு மத்தவங்களை அதுல நிலையான வரிசையில வைங்க. மறைச்சுடாதீங்க.

பேஸ் ரொம்ப சின்னதா இருந்தா இன்னொரு கவலையும் இருக்கு. ஒரு தோடர் மந்துல (அவங்க ஊரை அப்படித்தான் சொல்வாங்க) நாலு வீடுதான் இருக்கு, அதுல "கடன் இருக்கு"ன்னு ஒரு வீடுன்னு டேபிள்ல வந்தா அது எந்த வீடுன்னு அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நம்பி பதில் சொன்னவங்களை காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும், அந்த மாதிரி டேபிள் ஊர் அளவுல வெளிய போகவே கூடாது, தாலுகா அளவுல சேத்துதான் போகணும்.

காலம்களையும் அடுக்கலாமா?

அடுக்கலாம், ஆனா ரோ அளவுக்கு தாராளமா வேண்டாம். பெரிய க்ராஸ்டேப்ல (ஒரு கேள்வியை மத்த கேள்விங்களோட குறுக்க வெச்சுப் பாக்கற டேபிள்) மேல தலைப்பு வரிசையில பல கேள்வி பக்கத்துப் பக்கத்துல இருக்கும்: மொத்தம், அப்புறம் தாலுகா ஆறு, அப்புறம் ஆண் பெண், அப்புறம் நெல அளவு. "மொத்தம்" எப்பவும் முதல்ல. ஒரு கேள்விக்குள்ள இருக்கற காலம்கள் தங்களுக்குள்ளதான் நகரணும், குந்தா காலம் ஆண் பெண்ணுக்கு நடுவுல போகக்கூடாது. நெல அளவு மாதிரி தன்னால வரிசை இருக்கறதை தொடவே கூடாது.

எக்ஸல்ல வரிசைப்படுத்தற பெட்டியில ஆப்ஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதுல இடமிருந்து வலமா அடுக்கறதை தேர்ந்தெடுத்தா காலம்கள் நகரும். எந்தப் பகுதியை நகத்தணுமோ அதை மட்டும் செலக்ட் பண்ணிக்கங்க.

இதுல பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. மார்க்கெட் ரிசர்ச் சாஃப்ட்வேர் போடற டேபிள்ல ஒவ்வொரு காலமுக்கும் ஏ, பி, சின்னு எழுத்து இருக்கும், சதவீதத்துக்குப் பக்கத்துல "சி"ன்னு இருந்தா இந்தக் காலம் சி காலமைவிட உறுதியா அதிகம்னு அர்த்தம். இந்த எழுத்தைப் போடற டெஸ்ட் முடிஞ்ச பிறகு நீங்க எக்ஸல்ல காலமை இடம் மாத்தி தலைப்பு எழுத்தை புதுசா போட்டீங்கன்னா உள்ள இருக்கற எழுத்து பழைய காலமைத்தான் சொல்லும். கூடலூரைவிட அதிகம்னு இருந்தது கோத்தகிரியைவிட அதிகம்னு ஆயிடும், பாக்கறவங்க யாருக்கும் சந்தேகமே வராது. அதனால காலம் வரிசையை டெஸ்ட்டுக்கு முன்னாடி சாஃப்ட்வேருக்குள்ளயே முடிவு பண்ணிடுங்க. ரோவை நகத்தறதால இந்தப் பிரச்சினை வராது, எழுத்தும் சேந்தே போகும்.

பத்து வாக்கியம் படிச்சுக் காட்டி ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு அளவுல பதில் வாங்கியிருக்கோம். அதை?

வாக்கியங்களை அடுக்குங்க, அளவை அடுக்காதீங்க. "முழுசா ஒத்துக்கறேன்", "ஒத்துக்கறேன்" ரெண்டையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகைப்படி வாக்கியங்கள் மேலிருந்து கீழ. சராசரியை வெச்சும் அடுக்கலாம், வரிசை கொஞ்சம் மாறும். பொது மக்களுக்கு குடுக்கறதுன்னா கூட்டுத்தொகைதான் புரியும். "பஸ் வசதி மோசம்" மாதிரி எதிர்மறையா எழுதுன வாக்கியம் நடுவுல இருந்தா அதை மத்ததோட சேத்து அடுக்கக்கூடாது, ஒத்துக்கறதே அங்க குறையைத்தானே சொல்லுது, தனியா கீழ வைங்க.

எக்ஸல்ல அடுக்குனதுக்கு அப்புறம் நம்பரெல்லாம் தப்பா வருது, ஏன்?

காரணம் பல இருக்கு, நான் அடிக்கடி பாக்கறதை சொல்றேன்.

மெர்ஜ் பண்ண செல். தாலுகா பேரை ஆறு ரோவுக்கு ஒண்ணா மெர்ஜ் பண்ணி அழகா நடுவுல போட்டிருப்பாங்க, வரிசைப்படுத்த போனா மெர்ஜ் எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும்னு எக்ஸல் மறுத்துடும். மெர்ஜை எடுத்துட்டு ஒவ்வொரு ரோவுலயும் பேரை திரும்ப எழுதுங்க, அழகு கடைசியில பாத்துக்கலாம்.

ஒரே ஒரு காலமை மட்டும் செலக்ட் பண்ணி அடுக்கறது. பக்கத்துல இருக்கறதையும் சேத்துக்கவான்னு எக்ஸல் கேக்கும், வேண்டாம்னு சொல்லிட்டா பேரு ஒரு பக்கம் நம்பர் ஒரு பக்கம் ஆயிடும். இதுல இருக்கற கொடுமை என்னன்னா டேபிள் பாக்க நல்லாவே இருக்கும், எந்த எர்ரரும் வராது.

மறைச்சு வெச்ச ரோ. ஹைட் பண்ண ரோ அடுக்கறப்ப நகராது, அப்புறம் திறந்து பாத்தா சம்பந்தமில்லாத எடத்துல நிக்கும். அடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் திறந்துடுங்க.

ஃபார்முலா. ஒரு ரோவுல இருக்கற ஃபார்முலா வேற ரோவுல இருக்கற செல்லை பாத்துட்டிருந்தா (நெட் கணக்கு, மேல் ரோவோட வித்தியாசம் இந்த மாதிரி) அடுக்குனதும் அது வேற எதையோ பாக்க ஆரம்பிச்சுடும். டேபிளை காப்பி எடுத்து வேல்யூவா மட்டும் ஒட்டிட்டு அதை அடுக்குங்க. இல்லைன்னா புது எக்ஸல்ல இருக்கற சார்ட்பை ஃபார்முலாவை உபயோகிங்க, அது மூலத்தை தொடாம வேற எடத்துல அடுக்கிக் காட்டும்.

எழுத்தா இருக்கற நம்பர். ஏக்கர் அளவு "5-9", "10-14"ன்னு இருந்தா எழுத்து வரிசையில 10-14தான் முதல்ல வரும், ஒண்ணு அஞ்சைவிட முன்னாடி இல்லையா. போதாததுக்கு "1-2"ன்னு டைப் பண்ணா எக்ஸல் அதை பிப்ரவரி ஒண்ணாம் தேதின்னு எடுத்துக்கும். முன்னாடியே அந்தக் காலமை டெக்ஸ்ட்டா மாத்தி வைங்க, இல்ல "1 முதல் 2"ன்னு எழுதுங்க, வரிசைக்கு பக்கத்துல 1, 2, 3ன்னு கோடு வெச்சுக்கங்க. டீ போர்டு 10.12 ஹெக்டேர் வரைக்கும் சிறு விவசாயின்னு கணக்கு வெச்சிருக்கு, அந்த எல்லை உங்க அளவுல ஒரு முடிவா வர்ற மாதிரி பிரிச்சா பின்னால நெட் போடறதுக்கும் வசதி.

வெறும் செல் ஏறுவரிசையோ இறங்குவரிசையோ எதுல அடுக்குனாலும் கடைசியிலதான் போகும், அதனால பூஜ்யத்தை வெறுமையா விடாதீங்க, 0 போடுங்க.

எஸ்பிஎஸ்எஸ், ஆர், பைத்தான்ல பண்றவங்களுக்கு?

எஸ்பிஎஸ்எஸ்ல கஸ்டம் டேபிள்ஸ்ல ஒவ்வொரு கேள்விக்கும் கோடுப்படியா, பேருப்படியா, எண்ணிக்கைப்படியான்னு கேக்கும், அங்கயே முடிச்சுக்கலாம். ஆர்ல எழுத்தா இருக்கற கேள்வியை டேபிள் போட்டா அகர வரிசைதான் வரும், ஃபேக்டரா மாத்தி லெவல்ஸை நீங்க குடுக்கற வரிசையில வெச்சுடுங்க, அடிக்கடி மாத்தணும்னா ஃபோர்கேட்ஸ் பேக்கேஜ் ரொம்ப வசதி. பாண்டாஸ்ல வேல்யூகவுன்ட்ஸ் கேக்காமலே பெருசுல இருந்து சின்னதுக்கு அடுக்கிடும், க்ராஸ்டேப் பேரை வெச்சு அடுக்கும், அதனால ஒரே கேள்வி ரெண்டு எடத்துல ரெண்டு வரிசையில வந்து குழப்பும். அதுலயும் கேட்டகாரிகல்னு மாத்தி வரிசையை ஒரு தடவை சொல்லிட்டா போதும்.

ஊட்டி மூணு ரோவா வருது!

ஒருத்தர் ஊட்டின்னு எழுதியிருப்பார், ஒருத்தர் உதகைன்னு, இன்னொருத்தர் உதகமண்டலம்னு. மூணும் தனித்தனியா எண்ணப்பட்டு மூணும் கீழ போயிருக்கும், குன்னூர் மேல நிக்கும். அடுக்கறதுக்கு முன்னாடி பேரையெல்லாம் ஒண்ணாக்கணும். பேருக்குப் பின்னால இருக்கற ஸ்பேஸையும் எடுத்துடுங்க, கண்ணுக்கு ஒரே பேரா தெரியும், கம்ப்யூட்டருக்கு வேற. அடுத்த சர்வேயில பேரை டைப் பண்ண விடாம லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுக்க வைங்க.

தமிழ்ல அகர வரிசை சரியா வர மாட்டேங்குதே?

ஆமாங்க, இது நெறைய பேருக்கு தெரியாம ரிப்போர்ட்டுல அப்படியே போயிடுது. யூனிகோடுல தமிழ் எழுத்துங்க நம்ம நெடுங்கணக்கு வரிசையில இல்ல. நாம படிச்சது ய ர ல வ ழ ள ற ன. யூனிகோடு அட்டவணையில ந பக்கத்துல ன, ர பக்கத்துல ற, ல பக்கத்துல ள, ழ, அதுக்கப்புறம்தான் வ. புள்ளியும் எழுத்துக்குப் பின்னால வர்ற தனிக் குறியா இருக்கறதால க் என்பது க, கா, கி எல்லாத்துக்கும் பின்னால போயிடும், நம்ம அகராதியில முன்னாடி வரணும்.

தண்ணி எங்க இருந்து வருதுங்கற கேள்விக்கு "குழாய்", "குளம்"னு ரெண்டு பதில் இருக்கு. அகராதிப்படி குழாய்தான் முதல்ல, பைத்தான்ல சும்மா அடுக்குனா குளம் முதல்ல வரும். தமிழ் அகர வரிசை தெரிஞ்ச ஐசியு மாதிரி சாஃப்ட்வேர் நூலகத்தை வெச்சு அடுக்கணும், எக்ஸல்லன்னா கஸ்டம் லிஸ்ட் ஒண்ணு செஞ்சு தாலுகா பேரு, பதில் பேரு எல்லாம் நீங்க விரும்பற வரிசையில ஒரு தடவை ஏத்திடுங்க. ரிப்போர்ட்டு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ரெண்டுலயும் போகுதுன்னா அகர வரிசையே வேண்டாம், ரெண்டும் ஒத்துப்போகாது, கோடு நம்பர்ப்படி அடுக்குனா ரெண்டு ரிப்போர்ட்டும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு படிக்கலாம்.

34, 34, 33ன்னு வருது. முதல் ரெண்டுல எது மேல? 33 கீழதானா?

முழு நம்பராக்காத மூல சதவீதத்தை வெச்சு அடுக்குங்க, 34.4 மேல 33.6 கீழ. அதுவும் சமம்னா கேள்வித்தாள்ல எது முதல்ல இருந்துச்சோ அது. ஆனா இந்த வித்தியாசத்தை வெச்சு "முதல் பிரச்சினை இதுதான்"னு எழுதிடாதீங்க. 400 பேர்கிட்ட எடுத்த சர்வேயில 50 சதவீதத்தை ஒட்டி வர்ற பதிலுக்கு ரெண்டு பக்கமும் 5 சதவீதம் அளவுக்கு ஆட்டம் இருக்கு, ஊர் ஊரா கொத்துக் கொத்தா எடுத்ததுன்னா அதைவிட அதிகம். 30 பேர்னா 18 சதவீதம் ஆட்டம். மூணையும் ஒரே அளவுதான்னு எழுதறதுதான் நேர்மை.

ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த சர்வேயோட ஒப்பிடணும், எந்த வருஷத்து வரிசை?

புது சர்வேயோட வரிசையை எடுத்துக்கங்க, பழசையும் அதே வரிசையில பக்கத்துல வைங்க. பழசை தனியா அடுக்கி ரெண்டு டேபிளா குடுத்தா யாராலயும் ஒப்பிட முடியாது. வருஷக் காலம்கள் பழசுல இருந்து புதுசுக்கு, அது எப்பவும் மாறக்கூடாது.

அடுக்குனது அப்படியே சேவ் ஆயிடுச்சு, பழைய வரிசை திரும்ப வேணும்.

அடுக்கறதுக்கு முன்னாடி முதல் காலம்ல 1, 2, 3ன்னு வரிசை எண் போட்டிருந்தா அதை ஏறுவரிசையில அடுக்குனா திரும்ப வந்துடும். போடலைன்னா கேள்வித்தாளை எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பதிலுக்கும் கோடு நம்பரை கையால டைப் பண்ணி அதை வெச்சு அடுக்கணும், வேற வழி இல்ல. ஒவ்வொரு ஆளோட பதிலும் இருக்கற மூல டேட்டா ஃபைல்ல அந்த எண்ணோட கேள்வித்தாள் நம்பரையும் சேத்து வைங்க, பேப்பர்ல இருக்கறதோட சரி பாக்கணும்னா அதுதான் கை குடுக்கும்.